ஊமைத்துரை யார்? பேசாமலே பட்டாளத்தை நடத்திய பாஞ்சாலங்குறிச்சிக்காரரின் கதை

கட்டபொம்மனைத் தெரியாத தமிழர் கிடையாது. 1959-ல் வந்த சினிமா அதை உறுதி செய்துவிட்டது. ஆனால் அந்தப் படம் கயத்தாறு தூக்குமரத்தோடு முடிந்துவிடும். உண்மையில், கும்பினிக்காரர்களை அதிகம் தூங்கவிடாமல் செய்த சண்டை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. அதை நடத்தியவர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. கையில் ஒரு வேல்கம்புகூட இல்லாமல் சிறையில் கிடந்தவர், தூத்துக்குடித் துறைமுகத்தைப் பிடித்தார், இடித்த கோட்டையை எழுப்பினார், கடைசியில் காளையார்கோவில் காட்டில் போய்ச் சண்டை போட்டார். இத்தனையும் ஒரே வருஷத்துக்குள். 1801 பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்துபோன கதை அது.

அவர் வாழ்க்கையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் கிடைக்கும். எதை வைத்துச் சண்டை போட்டார்கள், அந்த ஆயுதங்களுக்கு என்ன பெயர், அவை எதற்கு உதவின, எங்கே கைவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பத்து மாதம் புரியும்.

ஊமைத்துரை என்ற பெயர் எப்படி வந்தது?

இயற்பெயர் குமாரசாமி என்பார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் குடும்பம். வீட்டில் தெலுங்கும் ஊரில் தமிழும் பேசிய ராஜகம்பளத்து நாயக்கர்கள். தம்பிக்குப் பேச்சு சரியாக வராது. அதனால் ஊர்க்காரர்கள் ஊமை என்றார்கள், பாளையக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் துரையும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு ஒருவரை அப்படிக் கூப்பிடுவது நாகரிகமில்லை. ஆனால் அந்த மண்ணில் அந்தப் பெயரில் இளக்காரம் இருந்ததாகத் தெரியவில்லை, பக்திதான் இருந்தது. கும்பினிப் படையிலிருந்த ஆங்கிலேயர்களும் அதே அர்த்தத்தில் 'டம்பி' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி எதிரி எழுதி வைத்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி இந்தச் சண்டை முழுக்கக் கூடவே இருந்தவர். 1830-ல் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் ஊமைத்துரையை ஒல்லியான, நெடுநெடுவென்ற, பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கும் இளைஞர் என்கிறார். தன் வாழ்நாளில் பார்த்த அபூர்வமான மனிதர்களில் ஒருவர் என்றும் சொல்கிறார். சண்டையில் தோற்றவனைப் பற்றி ஜெயித்தவன் இப்படி எழுதுவது அடிக்கடி நடப்பதில்லை.

பேச்சு வராதவர் எப்படி உத்தரவு போட்டார்? அதையும் வெல்ஷ்தான் சொல்கிறார். இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை எடுத்து வைப்பார். அதுதான் வெள்ளைக்காரப் படை. வலது கையால் ஒரு வீச்சில் தட்டிவிட்டு, வாயால் உஸ்ஸென்று ஒரு சத்தம் கொடுப்பார். அவ்வளவுதான், ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

1799-ல் என்ன நடந்தது?

இதைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம், பலரும் அறிந்தது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி, புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்கள்.

அதிகம் பேசப்படாத விஷயம், தூக்குக்குப் பின்னால் பானர்மேன் போட்ட உத்தரவு. பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கி, வேல்கம்பு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. பாளையம் என்பதே ஆயுதம் தாங்கிய காவலை நம்பி நின்ற ஏற்பாடு. காவல்காரன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினால் அவன் சம்பாத்தியமும் போச்சு, மரியாதையும் போச்சு. ஊமைத்துரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் ஏன் திரண்டார்கள் என்பதற்கு அண்ணனைத் தூக்கில் போட்ட கோபம் மட்டும் காரணமில்லை. இந்த உத்தரவும் ஒரு காரணம் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

சிறையிலிருந்து தப்பியது எப்படி?

1801 பிப்ரவரி 2. சிறைக்குள் அம்மை போட்டிருந்தது. அதனால் கைதிகளின் விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். அன்று சாயங்காலம் பாளையங்கோட்டை ஆங்கிலேயர்கள் எல்லாம் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். மாறுவேடத்தில், ஆயுதங்களை மறைத்துக்கொண்டு ஊருக்குள் வந்திருந்த ஆட்கள் காவலர்களை மடக்கினார்கள். விறகுக் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பது தென்பாண்டிச் சீமையில் வழிவழியாகச் சொல்லும் கதை. கைதிகள் வெளியே வந்தார்கள், ஏறக்குறைய 30 மைல் ஓடி, விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு வாரத்தில் மெக்காலே படையோடு வந்தபோது அவருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடியும் நின்றுகொண்டிருந்தது. ஆறே நாளில் கட்டியிருக்கிறார்கள். பெரிய பீரங்கி கொண்டுவராத மெக்காலே, பாளையங்கோட்டைக்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

தூத்துக்குடித் துறைமுகம் கைமாறிய கதை

அடுத்த சில வாரங்களில் சுற்றியிருந்த காவல் நிலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த கும்பினிப் படை முற்றுகைக்குள் மாட்டியது. தூத்துக்குடியும் ஊமைத்துரை ஆட்கள் கைக்கு வந்தது.

தூத்துக்குடி அப்போது என்ன மாதிரி ஊர்? முத்துக்குளித்துறையின் தலைநகரம். பரதவர்களின் முத்தும் சங்கும் இறங்கும் இடம். முதலில் போர்ச்சுக்கீசியர், பிறகு டச்சுக்காரர் கையில் இருந்து, 1795-ல்தான் ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். டச்சுக்காரர்களுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, கொழும்பு டச்சு அரசாங்கத்துக்கும் அன்றைய கட்டபொம்ம நாயக்கருக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தப் பத்திரமே கோட்டைக்குள் கிடைத்தது. அதனால் உள்நாட்டுப் பாளையக்காரருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியாது. வெளியுலகத்துக்கு அவர்களுக்கு இருந்த ஒரு வாசல் இந்தத் துறைமுகம்.

ஊரைப் பிடித்தவர்கள் காவல் படையின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டார்கள். துறைமுகத்தைக் கவனித்துவந்த ஆங்கிலேய அதிகாரியை பாஞ்சாலங்குறிச்சிக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பின்னாலேயே போய் மன்றாடியதும் அவரை விட்டுவிட்டார்கள். அண்ணனைத் தூக்கில் போட்டு இன்னும் ஒன்றரை வருஷம் ஆகாத நேரம். பிடிபட்டவர் அதே கும்பினியின் ஆள். பழிவாங்க நினைத்திருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. பிஷப் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

பட்டாளத்துப் பேச்சு

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் காலத்து ராணுவச் சொற்களைப் பார்த்துவிடலாம். பல சொற்கள் இன்றும் நம் வாயில் இருக்கின்றன, எங்கிருந்து வந்தவை என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

கும்பினி என்றால் கம்பெனி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி. பட்டாளம் என்பது பட்டாலியன் நம்மூர் நாக்கில் புரண்டது. சிப்பாய் பாரசீகத்திலிருந்து வந்தது. துப்பாக்கியின் வேர் துருக்கி மொழியில். பரங்கியர்கள், அதாவது ஐரோப்பியர்கள், கொண்டுவந்த பெரிய வெடி என்பதால் பீரங்கி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது சனியன். துப்பாக்கி முனையில் செருகும் கத்தியை இந்துஸ்தானியில் சங்கீன் என்பார்கள். அதைக் கேட்ட தமிழ்ச் சிப்பாய் சனியன் ஆக்கிவிட்டான். குத்துப்பட்டவன் அந்தப் பெயரை மறுத்திருக்க மாட்டான்!

கும்பினிச் சிப்பாய் கையில் இருந்தது மஸ்கட் துப்பாக்கி. கல் உரசி நெருப்புப் பிடிக்கும் வகை. பாளையக்காரர்களிடம் இருந்தவற்றில் பெரும்பாலும் திரித்துப்பாக்கி. எரியும் திரியை மருந்தில் வைத்தால்தான் வெடிக்கும். மழை பெய்தால் போச்சு, ராத்திரியில் திரியின் கங்கு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வரிசையாக நின்று சுட்டுக்கொண்டால் ஜெயிக்க முடியாது என்பது ஊமைத்துரைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய ஏற்பாடுகள் எல்லாமே எதிரியைத் துப்பாக்கி தூரத்தில் வைக்காமல், கைக்கெட்டும் தூரத்துக்கு இழுப்பதாகவே இருந்தன.

மண் கோட்டை எப்படி பீரங்கியைத் தாங்கியது?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பெரிய கருங்கல் கோட்டை இல்லை. நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, மதில் உயரம் 12 அடி. முழுக்க மண். அகழிகூடக் கிடையாது. சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் நெருக்கமான முள்வேலி. கேட்டால் சாதாரணமாகத்தான் தெரியும்.

ஆனால் பசை மாதிரி ஒட்டும் மண்ணை மிதித்துக் குழைத்து வைத்த சுவர் அது. கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சரியும், விரிசல் ஓடும். மண் சுவரில் பட்டால் குண்டு உள்ளே புதைந்துகொள்ளும். நாள்பூராச் சுட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதிரும். ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடவும் செய்யலாம்.

1801 மார்ச் 31-ல் கும்பினிப் படை சுவரில் ஒரு உடைப்பை ஏற்படுத்தி, அதன் வழியாக ஏறியது. வேலியைத் தாண்டினார்கள், உடைப்பின் உச்சிக்கும் வந்தார்கள். உள்ளே இறங்க ஒருவராலும் முடியவில்லை. காரணம், கொத்தளங்கள் உள்பக்கம் குடைந்து பள்ளமாக இருந்தன. அந்தப் பள்ளத்தில், குண்டு படாத இடத்தில், பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் 18 முதல் 20 அடி நீளமுள்ள ஈட்டிகளோடு நின்றார்கள். சனியன் செருகிய துப்பாக்கி ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். மேலே தலை தெரிந்ததும் கீழிருந்து ஒரு குத்து. ஏறியவனுக்குத் தன்னைக் குத்தியவனின் முகம்கூடத் தெரிந்திருக்காது.

அன்று ஒரே நாளில் கும்பினிக்கு 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ காயப்பட்டோ போனார்கள். அதிகாரிகளும் அதில் உண்டு. அந்தக் காலத் தென்னிந்தியச் சண்டைகளில் ஒரு மண் கோட்டை முன்னால் இப்படி ஓர் அடி வாங்கியது அவர்களுக்குப் பெரிய அவமானம். ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போனால் அந்தச் சண்டைகளில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.

பிறகு இரண்டு மாதம் முற்றுகை. மே மாதக் கடைசியில் கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கிகளுமாக வந்தார். மே 24-ல் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் சிதறி ஓடவில்லை, திரண்ட கூட்டமாக எதிர்ப்பக்கம் வெளியேறினார்கள். திறந்த வெளியில் குதிரைப்படை அவர்களை விரட்டி வெட்டியது. வேலியும் பள்ளமும் இல்லாத இடத்தில் நீள ஈட்டி பெரிய பாரம்தான்.

ஒரு தாய் செய்த காரியம்

ஊமைத்துரை அன்று படுகாயம் பட்டு, பிணங்களுக்கு நடுவே கிடந்தார். கோட்டையிலிருந்து சில மைல் தள்ளி இருந்த ஊரிலிருந்து ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தார். மகன் சாகும் நிலையில் கிடந்தான். தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைத் தூக்கிப் போகும்படி அவன் அம்மாவைக் கேட்டுக்கொண்டான். அந்தத் தாய் அப்படியே செய்தார். கும்பினிக்கு வேண்டப்பட்ட எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது, பெண்கள் ஊமைத்துரையின் மேல் துணியைப் போர்த்தி, ஒப்பாரி வைத்து, அம்மையில் செத்துப்போன பையன் என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடியே போனார்கள்.

சிறையிலும் அம்மைதான் விலங்கைக் கழற்றியது, இங்கேயும் அம்மைதான் காப்பாற்றியது. இந்தக் கதையையும் வெல்ஷ்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாயின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

காளையார்கோவில் காட்டில் என்ன ஆயுதம்?

உயிர் தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். பெரிய மருது, சின்ன மருது இருவரும் சிறுவயலில் அவரை வரவேற்றார்கள். ஒப்படைக்கும்படி கும்பினி கேட்டது. மருதுகள் மறுத்தார்கள். அகதியாக வந்த ஒருவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் சிவகங்கை தப்பித்திருக்கக்கூடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதே 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கையைப் பார்த்தால், அவர்கள் முன்பே முடிவெடுத்துவிட்டது தெரியும். வெள்ளையருக்கு எதிராக எல்லாச் சாதியாரையும் அழைத்த அறிக்கை அது.

இனிமேல் நடந்தது காட்டுச் சண்டை. காளையார்கோவில் காடு என்றதும் இன்றைய சீமைக்கருவேலத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். அது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நம் நாட்டுக்கு வந்தது. அன்றைக்கு இருந்தது நாட்டு முள்மரங்களும் புதர்களும் பின்னிக் கிடந்த காடு. வழி தெரிந்தவனுக்கு அது வீடு, தெரியாதவனுக்குப் பொறி.

பாஞ்சாலங்குறிச்சியின் பெயர் சொல்லும் ஆயுதம் நீள ஈட்டி என்றால், சிவகங்கையின் ஆயுதம் வளரி. சினிமாவில் எல்லார் கையிலும் ஒரு வளரியைக் கொடுத்துவிடுகிறார்கள், அது சரியில்லை. பிறை மாதிரி வளைந்த தடி, மரத்திலோ இரும்பிலோ செய்வது. ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிந்தால் குறிபார்த்த இடத்தில் போய் அடிக்கும். ஆங்கிலேயர்கள் இதைக் கள்ளர் தடி என்ற பொருளில் குறித்தார்கள். வெல்ஷுக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். சண்டைக்குச் சில வருஷங்களுக்கு முன்னால், இருவரும் நட்பாக இருந்த காலத்தில்.

வளரிக்குச் சத்தம் கிடையாது, புகை கிடையாது, மருந்து வேண்டாம், மழை வந்தாலும் கவலையில்லை. எறிந்தவன் எங்கே நிற்கிறான் என்பது தெரியாது. காட்டுச் சண்டைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கும்பினியின் பதில், காட்டையே வெட்டுவது. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குப் பீரங்கி போகும்படி ஒரு பாதை போடத் திட்டமிட்டார்கள். ஜூலைக் கடைசியில் தொடங்கினார்கள். பயனியர் என்று ஒரு பிரிவு, கோடாலியும் மண்வெட்டியும்தான் அவர்களுக்கு ஆயுதம். அவர்களுக்குக் காவலாக ஒரு படை. காலையில் போய் வெட்டுவார்கள், இரண்டு பக்கப் புதரிலிருந்தும் அடி விழும், சாயங்காலம் முகாமுக்குத் திரும்புவார்கள். வெட்டிய பாதையின் முன்னால் மறுநாள் புதிதாக ஒரு தடுப்பு முளைத்திருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போய், செப்டம்பர் 2-ம் தேதி வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள்.

காட்டை வெட்டி ஜெயிக்க முடியாதவர்கள் வேறு வழியில் ஜெயித்தார்கள். செப்டம்பரில் சோழபுரத்தில் வைத்து, படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தாராக அறிவித்தார்கள். அதோடு மருதுகளின் ஆட்கள் பலர் மனம் மாறினார்கள். காட்டுப் பாதைகள் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டால் அந்தக் காடு யாருக்குக் காவல்? அக்டோபர் 1-ம் தேதி பல திசைகளிலிருந்து உள்ளே புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

முடிவு

மருது சகோதரர்கள் பிடிபட்டு அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை மேற்கே திண்டுக்கல் பக்கத்து மலைகளுக்குப் போய் அங்கேயும் சண்டையிட்டுப் பிடிபட்டார். 1801 நவம்பர் 16-ல், அவர் ஆறே நாளில் எழுப்பிய கோட்டை இருந்த அதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கில் போட்டார்கள். கோட்டை மண்ணை உழுது தரைமட்டமாக்கினார்கள். ஊர்ப் பெயரையே அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து அடித்துவிட்டார்கள். (இப்போது அங்கே நிற்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.)

டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனிமேல் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பானர்மேனின் உத்தரவு இந்த முறை நிலைத்தது. ஈட்டியும் வளரியும் போர்க்களத்தை விட்டுக் கோயில் மூலைக்கும் சாமியாடிகளின் கைக்கும் போனது அதற்குப் பிறகுதான்.

தூத்துக்குடிக்கு இந்தக் கதையில் இன்னொரு தடவை வேலை வந்தது. 1802 பிப்ரவரி 11-ம் தேதி, ஊமைத்துரை ஆட்கள் பிடித்து ஒரு வருஷம் ஆன அதே துறைமுகத்திலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் 73 கைதிகளைப் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, வயது பதினைந்து, அந்தக் கூட்டத்தில் இருந்தான். கப்பல் ஏறும் வரை கைதிகளுக்குக் காவல் நின்ற அதிகாரி வெல்ஷ். 1818-ல் அவர் பினாங்கு போயிருந்தபோது, வயதுக்கு மீறி மூப்படைந்த ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமி என்பது புரிந்தது.